தொட்டி கட்டியாகிவிட்டது, தாய்மீன் எங்கே?

மீன்குஞ்சுப் பண்ணை எதற்குப் போனாலும் முதலில் காட்டுவது, மீனை முட்டையிடவைத்துப் பொரிக்கவைக்கும் வட்டத்தொட்டியைத்தான். எட்டு மீட்டர் குறுக்களவில் பெரிய தொட்டி ஒன்று, பக்கத்தில் சின்னதாக இரண்டு மூன்று, உயரத்தில் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் குழாய்கள். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் சுழல்வதே பார்க்க அழகு. உரிமையாளருக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அலுக்காது. குஞ்சுக்கு மூலமான ஆண், பெண் மீன்களை வைத்திருக்கும் இடம் பார்க்க, "சினைமீன் குளம் எங்கண்ணே?" என்று கேட்டால், "அது பின்னாடி கெடக்கு தம்பி" என்று கையை மட்டும் நீட்டுவார். பின்னால் போனால் ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை அடைத்த ஒரு குட்டை இருக்கும். அதில் எத்தனை மீன், என்ன வயது, எங்கிருந்து வந்தவை என்பதற்கெல்லாம் பெரும்பாலும் வாய்க்கணக்குதான்.

எனக்கு அந்தப் பின்பக்கக் குட்டையைப் பற்றித்தான் பேச வேண்டும். வட்டத்தொட்டிக்கு வருடத்தில் சில வாரம்தான் வேலை. குட்டைக்கு வருடம் முழுக்க வேலை. தொட்டியில் செய்த தப்பு நாலு நாளில் கண்ணில் படும். முட்டை வெளுக்கும், குஞ்சு சாகும், திருத்திக்கொள்ளலாம். குட்டையில் செய்த தப்பு தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவும் குஞ்சு வாங்கிப் போன யாரோ ஒருவரின் குளத்தில்தான் தெரியும்.

நம் ஊர்க் குளங்களில் அதிகம் வளர்க்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் காவிரிக்குச் சொந்தமில்லை. கங்கைச் சமவெளி மீன்கள். அங்கே மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கரை தாண்டும்போது, புதுவெள்ளம் பரவிய ஆழமில்லாத இடங்களுக்கு ஏறிவந்து முட்டையிடும் பழக்கம் அவற்றுக்கு. குளத்தில் விட்டால் நன்றாக வளரும், வயிறு தள்ளும் அளவுக்கு முட்டையும் சுமக்கும். ஆனால் இடாது. வெள்ளம் வரட்டும் என்று காத்திருந்துவிட்டு, பருவம் தப்பியதும் அந்த முட்டையை உடம்பே கரைத்துக்கொள்ளும்.

அதனால் ஒரு காலத்தில் குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில்தான் அரித்தெடுக்க வேண்டும். வங்காளத்தில் மழைக்காலத்தில் ஆற்றோரம் நுண்வலை கட்டிக் குஞ்சு பிடித்து, மண்பானைகளில் நிரப்பி, ரயிலேற்றி நாடு முழுக்க அனுப்பினார்கள். வழிநெடுக ஒருவர் பானைத் தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு மூச்சடைத்துச் சாகும். வந்து சேர்வதிலும் கட்லா எது, பிற மீனைத் தின்னும் வாளை எது என்று வளர்ந்த பிறகுதான் தெரியும். மேதினிப்பூர், பாங்குரா பக்கம் மட்டும் மேட்டுநிலச் சரிவில் கரை கட்டி, மழைத்தண்ணீரை ஓடவிட்டு, ஆறு என்று மீனை நம்பவைத்து முட்டையிடச் செய்யும் முறை இருந்தது.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌதுரி இதை மாற்றினார். மீனின் மூளைக்கு அடியில் கடுகளவாக இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியை எடுத்து அரைத்து, அந்தச் சாற்றைச் சினைமீனுக்கு ஊசியாகப் போட்டு, அடைத்த தண்ணீரிலேயே முட்டையிடவைத்தார். கே.எச். அலிக்குஞ்ஞியும் அந்த முயற்சியில் உடனிருந்தவர். அந்த நாளைத்தான் இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அப்புறம் வெகுகாலம் பண்ணைக்காரர்கள் மீன் மார்க்கெட்டில் வெட்டிய தலைகளைத் தேடிப் போய்ச் சுரப்பி சேகரித்து, ஆல்கஹாலில் ஊறப்போட்டு வைத்துக்கொண்டார்கள். பெண் மீனுக்கு முதலில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம், ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராம் என்று இரண்டு தவணை. ஆணுக்கு ஒரே தவணை.

இப்போது சுரப்பியைத் தேடி யாரும் அலைவதில்லை. ஓவாப்ரிம், ஓவாடைட், வோவா-எஃப்ஹெச் என்று குப்பியில் மருந்து கிடைக்கிறது. இந்த மருந்துகளின் சூட்சுமம் எளிமையானது. மீனின் மூளையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. டோபமைன் என்ற இன்னொரு பொருள் அதைத் தடுத்து வைக்கிறது. வெள்ளம் வராத குளத்தில் தடுப்பின் கை ஓங்கியிருக்கும். குப்பியில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று தூண்டும் ஹார்மோனின் செயற்கை வடிவம். மற்றொன்று டோபமைனை வாயடைக்கும் மருந்து; பெரும்பாலும் டோம்பெரிடோன், வாந்திக்கு மருந்துக்கடையில் தருவார்களே, அதேதான். ஒரு கை கதவைத் தள்ளுகிறது, இன்னொரு கை தாழ்ப்பாளை நீக்குகிறது. பெண் மீனுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ அரை மில்லி, ஆணுக்கு அதில் பாதி. முதுகுத் துடுப்புக்கும், உடம்பின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பக்கக் கோட்டுக்கும் இடையில் சதையில் ஒரே ஊசி. மாலையில் போட்டால் விடிவதற்குள் முட்டை.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ரோகு கிலோ எடைக்கு ஒன்றிலிருந்து இரண்டு லட்சம் முட்டைக்கு மேலும் இடும். மூன்று கிலோ பெண் ஒன்று 5 லட்சம் முட்டை போட்டதாக வைத்துக்கொள்வோம். கருவுறாதது, பொரிக்காதது, குஞ்சை முதலில் வளர்க்கும் நாற்றங்கால் குளத்தில் செத்தது, தவளை தின்றது எல்லாம் போக, விரலளவுக் குஞ்சாக 80,000 தேறினாலும் போதும். ஹெக்டேருக்கு 8,000 குஞ்சு விட்டால் பத்து ஹெக்டேர் குளத்துக்கு ஒரே தாய், ஒரே தகப்பன். அப்படியிருக்கும்போது எதற்கு நூறு சினைமீனுக்குத் தீனி போட வேண்டும் என்று எந்த வியாபாரியும் யோசிப்பார். ஆற்றில் அரித்த குஞ்சில் ஆயிரம் தாய்களின் பிள்ளைகள் கலந்திருந்தன. ஊசி வந்ததும் பத்துத் தாய் போதும் என்றாகிவிட்டது. மீனின் முட்டை வளமே இங்கே கண்ணியாகிவிட்டது.

தொட்டிக்கும் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். வட்டத்தொட்டி சீனாவிலிருந்து வந்த ஏற்பாடு. 1980களில் இந்தியாவில் பரவியது. அதற்கு முன் குளத்துக்குள்ளேயே துணித்தொட்டில் கட்டி முட்டை பொரிக்கவைத்தார்கள். கொஞ்சம் வெயில் ஏறினாலும், நண்டு துணியை வெட்டினாலும் அன்றைய உழைப்பு போச்சு. இந்தக் கெண்டைகளின் முட்டை ஒட்டாது, மிதக்கவும் செய்யாது, அடியில் தங்கினால் மூச்சடைத்து அழுகும். ஆகவே உருண்டுகொண்டே இருக்க வேண்டும். பொரிப்புத் தொட்டியின் தரையில் வாத்து மூக்கு வடிவத்தில் குழாய்வாய்களை ஒரே திசையில் சாய்த்து வைத்திருப்பார்கள். அவற்றிலிருந்து பீறும் தண்ணீர் முட்டைகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் நுண்வலை போர்த்திய வட்டம். தண்ணீர் மட்டும் அதன் வழியே வெளியேறும். ஒரு கனமீட்டர் தண்ணீரில் 7 லட்சம் முட்டை தாங்கும். 28 டிகிரி வாக்கில் பதினாலிலிருந்து இருபது மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருவைத் தின்று தீர்க்க மூன்று நாள். அதற்குப் பிறகுதான் வாய் திறந்து இரை தேடும். விற்பனைக்கு வருவது இந்த மூன்று நாள் நுண்குஞ்சுதான்.

தொட்டியைப் பொறுத்தவரை நான் சொல்ல விரும்புவது இரண்டே விஷயம். ஒன்று, போர் தண்ணீரை நேராக விடக்கூடாது. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் பிராணவாயு குறைவு. இரும்பு இருக்கிற இடமென்றால் முட்டைமேல் துருப்போலப் படிந்துவிடும். ஒரு குட்டையில் விட்டு, காற்றுப்பட வைத்து, தெளிந்த பிறகு மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். இரண்டு, அந்த மேல்தொட்டியின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. நடுராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டர் மக்கர் செய்தால், மேலே இருக்கிற தண்ணீர் எத்தனை நேரம் இறங்கும் என்பதுதான் லட்சக்கணக்கான குஞ்சின் ஆயுள். டெல்டாவில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நடவு முடிந்து களைக்கொல்லி அடிக்கும் நாட்களில் வாய்க்கால் தண்ணீரை நம்பிப் பண்ணை நடத்த முடியாது.

சரி, இனி பின்பக்கம் போவோம்.

சினைமீன் குளம் கால் ஹெக்டேரிலிருந்து அரை ஹெக்டேர் வரை, ஒன்றரை இரண்டு மீட்டர் ஆழத்தில் இருந்தால் நல்லது. ஹெக்டேருக்கு 1,000 முதல் 2,000 கிலோ மீன் போதும், அதற்குமேல் நெருக்கினால் முட்டை பிடிக்காது. வயது இரண்டு முடிந்திருக்க வேண்டும். கட்லா மூன்று கிலோவாவது இருக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி கலந்து, உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு தீனி போடுவது பழைய வழக்கம். வயிற்றை நிரப்ப இது போதும், நல்ல முட்டைக்குப் போதாது. மீன்தூளும் தாதுஉப்பும் வைட்டமினும் சேர்ந்தால்தான் கரு வலுவாக இருக்கும். புவனேஸ்வரம் அருகே கௌசல்யகங்காவில் இருக்கிற மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் சினைமீனுக்கென்றே தனித்தீவனம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. வசதியுள்ளவர்கள் அதை வாங்குகிறார்கள்.

கட்லாதான் இதில் ரொம்பப் படுத்துகிற மீன். அதற்கு விசாலமான குளம் வேண்டும், நுண்மிதவை உயிர்கள் நிறைந்த பச்சைத் தண்ணீர் வேண்டும். பாசத்தில் புண்ணாக்கை அள்ளிக் கொட்டினால் முட்டைக்குப் பதிலாகக் கொழுப்புதான் சேரும். வயிறு பெருத்திருப்பதைப் பார்த்து ஊசி போட்டு, காலையில் தொட்டியில் ஒன்றுமே இல்லாமல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். மாசி, பங்குனியிலிருந்தே வாரத்துக்கு ஒரு முறையாவது கொஞ்சம் தண்ணீரை வடித்துப் புதுத்தண்ணீர் விட வேண்டும். அந்தப் புதுவரத்துதான் மீனுக்குப் பருவம் நெருங்குவதைச் சொல்லும்.

ஆண் பெண் பிரிக்கக் கருவி எதுவும் தேவையில்லை, கை போதும். பருவத்தில் ஆண் மீனின் மார்புத் துடுப்பின் உட்பக்கத்தைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். வயிற்றை லேசாக அழுத்தினால் விந்துப்பால் வரும். பெண்ணுக்குத் துடுப்பு வழவழ என்றிருக்கும், வயிறு மெத்தென்று இருக்கும், கழிவுத்துளை சிவந்து உப்பியிருக்கும். பழகிய ஆள் இருட்டிலேயே பிரித்துவிடுவார்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். வகுப்பில் அவசரமாகக் கடந்துபோகிற பாடம் ஒன்று உண்டு: அடுத்த தலைமுறைத் தாய்மீனை எங்கிருந்து எடுப்பது?

நடப்பது என்ன? ஆடியில் குஞ்சு கிடைத்தால்தான் நாற்றங்காலில் இருபது நாள், வளர்ப்புக்குளத்தில் இரண்டு மூன்று மாதம் வைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும்போது விரலளவுக் குஞ்சாக விட முடியும். நம் ஏரிகளில் பலவும் சித்திரைக்கு முன்பே வற்றிவிடும். அதனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் குஞ்சு வேண்டும். பண்ணைக்காரர் எந்த மீன் முதலில் தயாராகிறதோ அதைப் பிடித்து ஊசி போடுகிறார். நன்றாக முட்டை போட்ட தாயை ஒன்றரை இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் பயன்படுத்துகிறார். சீசன் முடிந்து நாற்றங்காலில் விற்காமல் மிஞ்சிய குஞ்சில் கொஞ்சத்தைச் சினைமீன் குளத்தில் விட்டுவிடுகிறார். அவைதான் அடுத்த தாய்மீன்கள்.

இந்த ஏற்பாட்டில் மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. மிஞ்சிய குஞ்சு என்றால், பெரிதாக வளர்ந்ததையெல்லாம் வாங்குகிறவர் அள்ளிக்கொண்டு போன பிறகு கிடக்கிற சவலைகள். நல்ல நெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைக்கு வைப்பதுபோல. சீக்கிரம் சினை பிடிக்கிற மீனையே திரும்பத் திரும்ப எடுப்பதால், வளர்வதைவிடச் சீக்கிரம் முட்டை போடுவதில் குறியாக இருக்கிற வம்சம் பெருகுகிறது. மூன்றாவதுதான் பெரிது: அந்த மிச்சம் முழுவதும் ஒரே ராத்திரியில் பொரித்ததாக இருக்கலாம். அப்படியானால் குளத்தில் இருப்பதெல்லாம் பங்காளிகள்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இனப்பெருக்கத்தில் கலந்துகொண்ட ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அந்தக் கூட்டத்தின் மெய்யான அளவு. 25 ஆண், 25 பெண் என்றால் விடை 50. 10 ஆண், 40 பெண் என்றால் தலையெண்ணி 50 இருந்தாலும் விடை 32தான். உறவுக்குள்ளேயே சேர்வதால் வரும் உறவுக்கலப்பு ஒரு தலைமுறையில் எவ்வளவு கூடும் என்று பார்க்க, ஒன்றை இந்த எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 50 என்றால் 1 சதவீதம். குளத்தில் 200 மீன் இருந்தாலும், அவை அத்தனையும் ஆறு ஆண் ஆறு பெண்ணின் ஒரு ராத்திரிப் பிள்ளைகள் என்றால் மெய்யான அளவு 12தான். கூடுவது தலைமுறைக்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல்.

நாலு சதவீதம் என்றால் பெரிதாகத் தோன்றாது. நமக்குத் தெரிந்த உறவுமுறையில் வைத்துப் பாருங்கள். அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கொண்டால் பிறக்கும் பிள்ளைக்கு இந்த அளவு ஆறேகால் சதவீதம். தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் பன்னிரண்டரை. மேலே சொன்ன பண்ணை இதே வழக்கத்தில் மூன்று தலைமுறை ஓட்டினால், எந்த ஜோடியைச் சேர்த்தாலும் கிட்டத்தட்டத் தாய்மாமன் கல்யாணம்தான். ஐந்தாவது தலைமுறையில் 19 சதவீதம்; கூடப்பிறந்தவர்களைச் சேர்த்துவைத்தால் வருவது 25. கெண்டைக்கு ஒரு தலைமுறை இரண்டு மூன்று வருடம்தான். பத்துப் பதினைந்து வருடம் வெளியிலிருந்து ஒரு மீன்கூட வாங்காமல் ஓடிய பண்ணை என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. எக்நாத், டாயில் என்ற இரு ஆய்வாளர்கள் கர்நாடகத்துக் குஞ்சுப் பண்ணைகளின் பதிவுகளை வைத்து இதை மதிப்பிட்டு 1990இல் வெளியிட்டார்கள். உறவுக்கலப்பு வருடத்துக்கு 2 முதல் 17 சதவீதம் வரை கூடிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் கண்டது.

விளைவு ஒரே நாளில் வராது. பொரிப்பு கொஞ்சம் குறையும். நாற்றங்காலில் சாவு கொஞ்சம் கூடும். வளைந்த முதுகு, சப்பிய செவுள்மூடி என்று அங்கொன்றும் இங்கொன்றும் தட்டுப்படும். எட்டு மாதத்தில் ஒரு கிலோ வந்த மீன் பத்து மாதம் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் சொல்லலாம் என்பதுதான் இதில் மோசம். வளைந்த முதுகுக்குத் தீவனக்குறையும் காரணமாகலாம், பொரிப்பின்போது சூடு ஏறியதும் காரணமாகலாம். பண்ணைக்காரர் தண்ணீரைக் குறை சொல்வார், வளர்ப்பவர் தீவனத்தைக் குறை சொல்வார், தாய்மீனை யாரும் நினைக்க மாட்டார்கள்.

இன்னொரு கலப்பும் உண்டு, இதற்கு நேரெதிரானது. ஒரே ராத்திரியில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் ஊசி போட்டு ஒரே தொட்டியில் விடுவது. தண்ணீர் மிச்சம், கரண்ட் மிச்சம். ஆனால் சுழலும் தண்ணீரில் யார் பால் யார் முட்டையில் படுகிறது என்று யார் பார்த்தார்கள்? கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்த கோவேறு கழுதை மலடு, அதோடு கதை முடிந்துவிடும். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் பிறந்த கலப்பு மலடில்லை. அது திரும்பவும் முட்டை போடும், அதன் பிள்ளை தாய்மீன் குளத்துக்கே வந்து சேரும், பிறகு தூய கட்லா என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதே பாடு. மூன்று நாள் நுண்குஞ்சில் மூன்று இனத்தையும் கண்ணால் பிரித்துச் சொல்ல வல்லவர் யாருமில்லை. எங்கள் குளத்தில் ஒரு வருடம் கட்லா என்று வாங்கி விட்டோம். பத்து மாதம் கழித்து வலை போட்டால், தலை கட்லாவுக்குச் சிறுத்தும் உடம்பு ரோகுவைப்போல் நீண்டும் பாதி மீன். எடுக்க வந்த வியாபாரி கையில் தூக்கிப் பார்த்து, "இது என்னங்க, ரெண்டுங்கெட்டானா இருக்கு" என்றார். விலையும் அப்படித்தான் போட்டார். குஞ்சு விற்றவரிடம் போய்க் கேட்க என்னிடம் ரசீதுகூட இல்லை.

குஞ்சு வியாபாரத்தின் அடிப்படைக் கோணலே இதுதான். விற்கிறவர் மூன்று நாள் வயதில் பணம் வாங்கிவிடுகிறார். வாங்குகிறவருக்குச் சரக்கின் தரம் பத்து மாதம் கழித்துத்தான் தெரிகிறது. கிண்ணத்தால் அளந்து பையில் ஊற்றி, பிராணவாயு நிரப்பி, ரப்பர் பட்டை போட்டுக் கொடுக்கிற குஞ்சுக்கு லட்சத்துக்கு இவ்வளவு என்றுதான் விலை. தாய்மீனை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு அந்த விலையில் ஒரு காசு கூடுதல் கிடையாது. இரண்டு பைசா மலிவாகத் தருகிற பக்கத்துப் பண்ணைக்கு ஆட்கள் போய்விடுவார்கள். ஆகவே இதைத் தனிமனித ஒழுக்கக் குறைவு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை.

இறாலில் நிலைமை வேறு. வெளிநாட்டு இனமான வன்னாமி இறாலை 2009இல் அனுமதித்தபோதே, குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லையென்று சான்றுள்ள தாய் இறாலைத்தான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், அதுவும் சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் வைத்துச் சோதித்த பிறகே பொரிப்பகத்துக்குப் போக வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஏற்றுமதிப் பணமும் இறாலைத் தாக்கும் வெண்புள்ளி நோய் தந்த பயமும் சேர்ந்து அந்த விதியைக் கொண்டுவந்தன. உள்ளூர்ச் சந்தையில் விற்கிற கெண்டைக்கு அப்படிப் பயப்பட யாரும் இல்லை. மானியத்தையும் பாருங்கள். 2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புதிய நன்னீர்க் குஞ்சு பொரிப்பகத்துக்கு 25 லட்சம் ரூபாய் செலவாகும் என்று கணக்கு வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் என்று வைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இதுபோன்ற திட்டங்களில் அதிகாரி அளவெடுத்து எழுதுவதற்கு வசதியானது தொட்டிதான். தாய்மீனின் வம்சாவளியை எந்த டேப்பை வைத்து அளப்பது?

எதிர்ப்பக்க உதாரணம் ஒன்று இருக்கிறது. கௌசல்யகங்கா நிலையம் 1992இல் நார்வே ஆய்வாளர்களுடன் சேர்ந்து ரோகுவைத் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா என ஐந்து ஆறுகளின் ரோகுவும் பண்ணை ரோகுவும் அதற்கு அடித்தளம். ஒவ்வொரு ஜோடியின் பிள்ளைகளையும் தனித்தனிக் குட்டையில் வளர்த்து, அடையாளச் சில்லு பொருத்தும் அளவுக்கு வந்த பிறகே ஒன்றாக விட்டு, எந்தக் குடும்பம் வேகமாக வளர்கிறது என்று பார்த்து அடுத்த தலைமுறைக்கு எடுத்தார்கள். தலைமுறைக்குச் சுமார் 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997இல் அதற்கு ஜெயந்தி ரோகு என்று பெயர் வைத்தார்கள். அதே தண்ணீர், அதே தவிடு. யாருக்கு யாரைக் கட்டிவைத்தோம் என்று எழுதி வைத்ததில் வந்த லாபம். ஆனால் ஜெயந்தியை வாங்கிவந்து, நாலு வருடம் பழைய பாணியிலேயே பெருக்கினால் அந்தப் பெயர் பலகையில் மட்டும்தான் மிஞ்சும்.

சிறு பண்ணைக்கு நுண்சில்லும் ஆய்வுக்கூடமும் கட்டுப்படியாகாது. மூன்று குளம் இருந்தால் போதும். வெவ்வேறு இடத்திலிருந்து வாங்கிய மூன்று வகையறாவை ஒவ்வொன்றில் விட்டு, முதல் குளத்துப் பெண்ணுக்கு இரண்டாம் குளத்து மாப்பிள்ளை, இரண்டாவதற்கு மூன்றாவது, மூன்றாவதற்கு முதலாவது என்று சேர்க்கலாம். பிறக்கிற பிள்ளையில் தாய்மீனுக்கென்று எடுத்துவைப்பதைத் தாயின் குளத்திலேயே விட வேண்டும். பங்காளிக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லை என்ற நம் ஊர் ஏற்பாடுதான். மீன் மாறிப்போகாமலிருக்க, இரண்டாம் குளத்து மீனுக்கு வலது வயிற்றுத் துடுப்பில் நுனி வெட்டு, மூன்றாவதற்கு இடது. துடுப்பு திரும்ப வளர்ந்துவிடும் என்பதால் வருடம் ஒரு முறை வலை இழுக்கும்போது பார்த்து மறுபடி வெட்டிவிட வேண்டும்.

ஒரு குளம் மட்டும் வைத்திருப்பவர் என்ன செய்வது? மிச்சத்தை வைத்துக்கொள்ளாமல், சீசனின் ஒவ்வொரு ராத்திரிப் பொரிப்பிலிருந்தும் விற்பனைக்கு முன்பே ஒரு கை குஞ்சு எடுத்துத் தனியே வளர்க்கலாம். பத்து ராத்திரியில் முப்பது ஆண், முப்பது பெண் பங்கெடுத்திருந்தால், ஒவ்வொன்றின் பிள்ளையும் ஏறத்தாழச் சமமாகத் தேறும்பட்சத்தில், மெய்யான அளவு 60. உறவுக்கலப்பு தலைமுறைக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். இதற்குச் செலவு ஒரு சிறு குட்டையும் தீனியும்தான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, தொலைவில் இருக்கிற இன்னொரு பண்ணையோடு ஆண் மீனை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பண்ணைக்காரர் தன் தாய்மீனை எங்கே வாங்கினார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வாங்கியிருந்தால் பெட்ரோல்தான் செலவு. புதிதாக வந்த மீனை உடனே குளத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, மீன்பேனோ புண்ணோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குஞ்சு வாங்கப் போகிறவர்களுக்கு வட்டத்தொட்டியைப் பார்க்கும் வேலையே இல்லை. நேராகப் பின்னால் போங்கள். தாய்மீன் எத்தனை, ஆண் எத்தனை, கடைசியாக வெளியிலிருந்து எப்போது வாங்கினீர்கள், ஒரு ராத்திரிக்கு ஒரு இனமா மூன்றா என்று கேளுங்கள். ஒரு நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறவரிடம் லட்சத்துக்கு நூறு ரூபாய் அதிகமென்றாலும் வாங்கலாம். ரசீதை மறக்காதீர்கள்.